மென்பொருள் தொடர் துறை: நுண்கட்டுப்படுத்திகளில் இரண்டாவது தொடர்பு வழியின் வரலாறு

மென்பொருள் தொடர் துறை என்பது, தனி வன்பொருள் சுற்று எதுவும் இல்லாமல், நிரலின் துணையால் மட்டுமே தரவை ஒவ்வொரு பிட்டாக அனுப்பவும் பெறவும் பயன்படும் முறையாகும். மைக்ரோகன்ட்ரோலர் எனப்படும் நுண்கட்டுப்படுத்தியின் சாதாரண முனை ஒன்றை, நிரல் சரியான நொடியில் உயர்த்தியும் தாழ்த்தியும் தரவை அனுப்புகிறது. அதேபோல் மற்றொரு முனையின் நிலையைச் சரியான நொடியில் பார்த்து, வந்த தரவைச் சேர்க்கிறது. சில்லில் உள்ள ஒரே தொடர் துறை ஏற்கெனவே ஒரு கருவிக்கு ஒதுக்கப்பட்டுவிட்ட பிறகு இரண்டாவதாக ஒரு கருவியை இணைக்க வேண்டிய நிலையில்தான் இம்முறை பெரும்பாலும் நாடப்படுகிறது.

இந்த முறைக்குக் கூடுதல் சில்லு தேவையில்லை. ஆனால் இது இலவசமும் அன்று. வன்பொருளுக்குத் தர வேண்டிய விலையைச் செயலி தன் நேரத்தால் தருகிறது. அந்த நேரம் போதாதபோது பைட்டுகள் தொலைகின்றன. பல நேரங்களில் எந்தப் பிழைச் செய்தியும் வருவதில்லை. தொலை அச்சுப்பொறிக் காலத்திலிருந்து இன்றைய சில்லுகள் வரை இந்த முறையின் வரலாறு, நேரத்தை யார் கணக்கிடுவது என்ற ஒரே கேள்வியைச் சுற்றியே நகர்ந்திருக்கிறது.

தொலை அச்சுப்பொறியில் பிறந்த நேர விதி

தொடர்த் தரவின் வேகத்தை அளக்கும் 'பாட்' என்ற அலகு, பிரெஞ்சுத் தந்திப் பொறியாளர் எமில் போதோவின் பெயரிலிருந்து வந்தது. அவர் 1874இல் காப்புரிமை பெற்ற தந்தி முறையில் ஒவ்வோர் எழுத்தும் சம நீளமுள்ள 5 அலகுகளால் குறிக்கப்பட்டது. சம நீளம் என்ற அந்தக் கருத்தே பிற்காலத் தொடர்த் தொடர்புக்கு அடித்தளம். ஆனால் அதில் ஒரு சிக்கல் இருந்தது. அனுப்பும் பொறியும் பெறும் பொறியும் தொடர்ந்து ஒரே வேகத்தில், ஒரே கட்டத்தில் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும்.

இச்சிக்கலுக்குச் சிகாகோவின் மோர்க்ரம் நிறுவனத்தில் தீர்வு கிடைத்தது. பிற்காலத்தில் டெலிடைப் கார்ப்பரேஷன் எனப் பெயர் பெற்ற நிறுவனம் இதுவே. ஹோவர்ட் க்ரம் என்ற பொறியாளர் 1910இல் விண்ணப்பித்து 1918இல் பெற்ற காப்புரிமை, தொடக்கம்-நிறுத்தம் என்ற முறையை விவரிக்கிறது. அதன்படி இரு பொறிகளும் எப்போதும் ஒத்திசைந்து ஓட வேண்டியதில்லை. ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னால் ஒரு தொடக்கக் குறி வரும். அக்குறி வந்ததும் பெறும் பொறியின் தண்டு விடுபட்டு ஒரு முறை சுழலும். எழுத்தின் இறுதியில் வரும் நிறுத்தக் குறியில் தண்டு மீண்டும் பூட்டிக்கொள்ளும். இரு மோட்டார்களின் வேகமும் ஓர் எழுத்தின் காலம் மட்டும் ஏறக்குறைய ஒத்திருந்தால் போதும். அடுத்த எழுத்தின் தொடக்கக் குறி வரும்போது கணக்கு மீண்டும் முதலிலிருந்து தொடங்கும்.

கம்பியில் தரவு எதுவும் வராதபோது மின்னோட்டம் பாய்ந்துகொண்டே இருக்கும். தொடக்கக் குறியில் அது நிற்கும். இன்றைய நுண்கட்டுப்படுத்தியின் தொடர் முனை சும்மா இருக்கும்போது உயர்நிலையிலும், தொடக்க பிட்டில் தாழ்நிலையிலும் இருப்பது அந்த மரபின் தொடர்ச்சியே.

1963இல் வந்த டெலிடைப் மாடல் 33 பொறி ஆஸ்கி குறியீட்டைப் பயன்படுத்தியது. அதன் வேகம் 110 பாட். ஓர் எழுத்துக்கு 1 தொடக்க பிட், 8 தரவு பிட்கள், 2 நிறுத்த பிட்கள் என மொத்தம் 11 பிட்கள். ஆகவே வினாடிக்கு 10 எழுத்துகள். நிறுத்த பிட் இரண்டாக இருந்ததற்குக் காரணம் இயந்திரமே: தண்டு முழுமையாக நின்று, அடுத்த சுழற்சிக்குத் தயாராக அவ்வளவு நேரம் தேவைப்பட்டது. மின்னணுச் சுற்றுகளுக்கு அந்த இளைப்பாறல் தேவையில்லை என்பதால் பிற்காலத்தில் ஒரு நிறுத்த பிட்டே வழக்கமாயிற்று. 8 தரவு பிட்களோடு சேர்ந்து ஒரு பைட்டுக்கு 10 பிட்கள் என்ற இன்றைய கணக்கு இப்படி உருவானது.

பலகையிலிருந்து சில்லுக்கு

தொலை அச்சுப்பொறிகள் கணினிகளோடு இணைக்கப்பட்டபோது, ஒவ்வொன்றாக வரும் பிட்களைச் சேர்த்து எழுத்தாக மாற்றும் வேலை கணினியின் பக்கம் வந்தது. 1960இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனில் சேர்ந்த கோர்டன் பெல், அந்நிறுவனத்தின் பிடிபி-1 கணினிக்காக இந்த மாற்றத்தைச் செய்யும் மின்னணுச் சுற்றை வடிவமைத்தார். யூஆர்ட் எனப் பின்னர் பெயர் பெற்ற சுற்றின் முன்னோடி அது. தனித்தனி டிரான்சிஸ்டர்களால் ஆன அக்காலச் சுற்றில் ஒரு தொடர்பு வழிக்குப் பலகையளவு இடம் பிடித்தது.

1971 அளவில் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் அந்தச் சுற்று முழுவதையும் 40 முனைகள் கொண்ட ஒரே சில்லாக்கி விற்றது. யூஆர்ட் சில்லின் வேலை எளிமையானது, ஆனால் இடைவிடாதது. பிட்டின் வேகத்தைப் போல் 16 மடங்கு வேகத்தில் அது கம்பியைக் கவனித்துக்கொண்டே இருக்கும். கம்பி தாழ்நிலைக்கு விழுந்ததும் எண்ணத் தொடங்கும். ஒவ்வொரு பிட்டின் நடுப்பகுதியிலும் நிலையைப் பார்த்துக் குறித்துக்கொள்ளும். 8 பிட்களும் சேர்ந்ததும், பைட் தயார் என்று செயலிக்கு அறிவிக்கும். அதுவரை செயலி தன் சொந்த வேலையைப் பார்க்கலாம். மென்பொருள் தொடர் துறையை எழுத முனைகிறவர் செய்ய வேண்டியது இந்தச் சில்லின் வேலை முழுவதையும் செயலியைக் கொண்டே செய்விப்பதுதான்.

சில்லைத் தவிர்த்த கணினிகள்

நுண்செயலிகள் விலை குறைந்து பரவிய 1970களின் நடுப்பகுதியில், ஒவ்வொரு சில்லின் விலையும் கணக்கில் வந்தது. 1976இல் மாஸ் டெக்னாலஜி நிறுவனம் வெளியிட்ட கிம்-1 என்ற ஒற்றைப் பலகைக் கணினியில் 1 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் 6502 செயலி இருந்தது. தொலை அச்சுப்பொறியை இணைக்க அதில் வசதி இருந்தது. ஆனால் யூஆர்ட் சில்லு இல்லை. பலகையின் நிரந்தர நினைவகத்தில் இருந்த 2048 பைட் நிரலின் ஒரு பகுதியே பிட்களை அனுப்பியது, பெற்றது.

கிம்-1இன் நிரல், இணைக்கப்பட்ட பொறியின் வேகத்தைத் தானே கண்டுபிடிக்கவும் செய்தது. கணினியை மீட்டமைத்த பிறகு பயனர் அச்சுப்பொறியில் 'ரப் அவுட்' விசையை அழுத்த வேண்டும். ஆஸ்கியில் அந்த விசையின் 7 பிட்களும் 1 ஆகும். ஆகவே கம்பியில் தாழ்நிலை தொடக்க பிட்டின்போது மட்டுமே வரும். அந்தத் தாழ்நிலை எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று நிரல் எண்ணினால், ஒரு பிட்டின் நீளம் கிடைத்துவிடும். அந்த எண்ணை நினைவகத்தில் வைத்துக்கொண்டு, பிறகு வரும் எல்லா எழுத்துகளுக்கும் நிரல் அதையே அளவுகோலாகக் கொண்டது.

அதே 1976இல் இன்டெல் அறிவித்த 8085 நுண்செயலியில் இந்த எண்ணம் சில்லின் வடிவமைப்பிலேயே இடம் பெற்றது. தொடர்த் தரவு உள்ளே வர எஸ்.ஐ.டி., வெளியே செல்ல எஸ்.ஓ.டி. என இரண்டு முனைகள் அதில் ஒதுக்கப்பட்டன. ஆர்.ஐ.எம். என்ற கட்டளை உள்வரும் முனையின் நிலையைத் திரட்டியின் உச்ச பிட்டில் கொண்டுவந்து வைக்கும். எஸ்.ஐ.எம். என்ற கட்டளை அதே பிட்டின் மதிப்பை வெளிச்செல்லும் முனைக்கு அனுப்பும். ஆனால் இம்முனைகளுக்குப் பின்னால் யூஆர்ட் எதுவும் இல்லை. நேரத்தைக் கணக்கிடுவது முழுக்க நிரலின் பொறுப்பு. தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளின் நுண்செயலி ஆய்வகங்களில் 8085 பயிற்சிப் பலகையைத் தொட்ட மாணவர்கள் பலர், சுழற்சி எண்ணித் தாமதம் உண்டாக்கும் நிரலைத் தங்கள் முதல் பயிற்சிகளில் ஒன்றாக எழுதியவர்களே. மென்பொருள் தொடர் துறையின் இதயமும் அதே தாமத நிரல்தான்.

8051: ஒரே ஒரு துறை

1980இல் இன்டெல் வெளியிட்ட 8051 நுண்கட்டுப்படுத்தி நிலைமையை மாற்றியது. செயலி, 4 கிலோபைட் நிரல் நினைவகம், 128 பைட் தரவு நினைவகம், இரண்டு டைமர்கள், 32 உள்ளீட்டு-வெளியீட்டு முனைகள் ஆகியவற்றோடு, ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் வல்ல ஒரு யூஆர்ட்டும் ஒரே சில்லுக்குள் அமைந்தது. தொடர்த் தொடர்பு அப்போது ஒவ்வொரு சிறு கருவிக்கும் எட்டும் வசதியாயிற்று.

8051 சுற்றுகளில் 11.0592 மெகாஹெர்ட்ஸ் என்ற விந்தையான படிகம் காணப்படுவதற்கும் காரணம் இந்தத் துறையே. 8051 தன் கடிகாரத்தை 12ஆல் வகுத்து ஓடுகிறது. 11.0592 மெகாஹெர்ட்ஸை 12ஆல் வகுத்தால் வினாடிக்கு 9,21,600 இயந்திரச் சுழற்சிகள் கிடைக்கும். அதை 32ஆலும் பிறகு 3ஆலும் வகுத்தால் மிச்சமின்றி 9600 வரும். 12 மெகாஹெர்ட்ஸ் படிகம் இப்படி மிச்சமின்றி வகுபடாது.

ஆனால் துறை ஒன்றே ஒன்று. அந்த ஒன்றை மேசைக்கணினியோடு இணைத்துவிட்டால், இரண்டாவது கருவிக்கு இடமில்லை. இடங்காட்டிக் கருவிகள் வினாடிதோறும் தம் இருப்பிடத்தை 4800 பாட் வேகத்தில் சொல்வது 1983இல் வந்த என்.எம்.ஈ.ஏ. 0183 தரத்தின் வழக்கம். செல்பேசி மோடம், அட்டை வாசிப்பான், எடை பார்க்கும் கருவி என ஆர்.எஸ்-232 தரத்தைப் பின்பற்றும் கருவிகள் பெருகின. இரண்டு கருவிகளைப் பேச வைக்க வேண்டுமானால், வெளியே ஒரு யூஆர்ட் சில்லை இணைக்கலாம். துறைகள் அதிகமுள்ள விலையுயர்ந்த சில்லை வாங்கலாம். ஒரே துறையை மின்சாவி வழியாக மாறி மாறிப் பயன்படுத்தலாம். நான்காவது வழி மென்பொருள்.

8051இல் நான்காவது வழியின் எல்லையைக் கணக்குப் போட்டே காணலாம். வன்பொருள் துறையின் வேகத்தை உருவாக்க டைமர் 1 போய்விடும். மிஞ்சுவது டைமர் 0. 9600 பாட் வேகத்தில் ஒரு பிட்டுக்கு 96 இயந்திரச் சுழற்சிகளே உண்டு. ஒரு பிட்டை 4 முறை பார்க்க வேண்டுமானால் 24 சுழற்சிக்கு ஒரு முறை குறுக்கீடு வர வேண்டும். பதிவகங்களைச் சேமித்து மீட்பதற்கே அதில் பெரும்பகுதி செலவாகிவிடும். 2400 பாட்டில் ஒரு பிட்டுக்கு 384 சுழற்சிகள் கிடைக்கும். 4 முறை பார்த்தாலும் இடையில் 96 சுழற்சிகள் இருக்கும். எனவே வேகமான கருவியை வன்பொருள் துறையிலும், மெதுவான கருவியை மென்பொருள் துறையிலும் இணைப்பது இயல்பான பங்கீடாயிற்று.

யூஆர்ட் அறவே இல்லாத சில்லுகளும் இருந்தன. மைக்ரோசிப் நிறுவனத்தின் பிக் வரிசையில் ஆர்வலர்களிடையே பெரும் புகழ் பெற்ற பிக்16எஃப்84 அவற்றுள் ஒன்று. 1992இல் பேரலாக்ஸ் நிறுவனம் வெளியிட்ட பேசிக் ஸ்டாம்ப், பிக்16சி56 சில்லின் மேல் அமைந்தது. அதில் எந்த முனையையும் தொடர் முனையாக்க செரின், செரவுட் என்ற இரு கட்டளைகள் இருந்தன. பிட் எண்ணும் நிரலை எழுதத் தெரியாத ஒருவரும் ஒரே வரியில் மென்பொருள் தொடர் துறையைப் பயன்படுத்த முடிந்தது. அதன் உச்ச வேகம் 2400 பாட்.

சி மொழியும் நேரமும்

தொடக்க கால மென்பொருள் துறைகள் எல்லாம் அசெம்பிளி மொழியில் எழுதப்பட்டவை. ஒவ்வொரு கட்டளையும் எத்தனை சுழற்சி எடுக்கும் என்று சில்லின் கையேட்டில் இருக்கும். கூட்டிப் பார்த்தால் நேரம் தெரிந்துவிடும். நுண்கட்டுப்படுத்திகளுக்குச் சி மொழித் தொகுப்பிகள் பரவியபோது இந்த உறுதி குலைந்தது. சி மொழியின் தரம் ஒரு கூற்றின் விளைவு என்ன என்பதைச் சொல்கிறது. அது எவ்வளவு நேரத்தில் முடிய வேண்டும் என்பதைச் சொல்வதில்லை.

இதன் முதல் பலி வெற்றுச் சுழற்சி. ஆயிரம் வரை எண்ணி எதுவும் செய்யாத சுழற்சியைத் தாமதத்துக்காக எழுதினால், பயனற்ற வேலை என்று கண்டு தொகுப்பி அதை அடியோடு நீக்கிவிடலாம். நீக்காவிட்டாலும், தொகுப்பியின் பதிப்போ மேம்படுத்தல் அளவோ மாறினால் சுழற்சியின் நீளமும் மாறும். நேற்று வேலை செய்த நிரல் இன்று குப்பை எழுத்துகளைக் காட்டும். நிரலில் ஒரு எழுத்துகூட மாறியிருக்காது.

1989இல் வெளியான சி மொழித் தரத்தில் இடம்பெற்ற 'வோலட்டைல்' என்ற சொல் இச்சிக்கலின் ஒரு பகுதியைத் தீர்த்தது. ஒரு மாறியின் மதிப்பு நிரலுக்கு வெளியிலிருந்தும் மாறலாம் என்று அது தொகுப்பிக்கு அறிவிக்கிறது. முனையின் பதிவகமும், குறுக்கீட்டு நிரல் மாற்றும் மாறிகளும் இப்படி அறிவிக்கப்பட்டால்தான், முதன்மை நிரல் ஒவ்வொரு முறையும் உண்மையான மதிப்பைப் படிக்கும். ஆனால் இச்சொல்லும் நேரத்தைப் பற்றி எந்த வாக்குறுதியும் தருவதில்லை.

அடுத்த சிக்கல் கிளை. 1 அனுப்ப ஒரு வழி, 0 அனுப்ப இன்னொரு வழி என்று நிரல் பிரிந்தால், இரு வழிகளும் ஒரே எண்ணிக்கையிலான சுழற்சிகள் எடுப்பதில்லை. 1கள் நிறைந்த பைட்டும் 0கள் நிறைந்த பைட்டும் வெவ்வேறு நீளத்தில் வெளியேறும். மெதுவான வேகத்தில் இது தெரியாது. வேகம் கூடக்கூட, குறிப்பிட்ட சில எழுத்துகள் மட்டும் பிழையாக வருவதாக இது தலைகாட்டும்.

எவ்வளவு பிழை பொறுக்கும் என்பதும் கணக்கில் அடங்கியதே. தொடக்க பிட் விழுந்த கணத்திலிருந்து நிறுத்த பிட்டின் நடு 9.5 பிட் தொலைவில் இருக்கிறது. அதற்குள் அரைப் பிட்டுக்கு மேல் நழுவக் கூடாது. அதாவது இரு பக்கப் பிழைகளும் சேர்ந்து சுமார் 5 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு பக்கமும் 2 விழுக்காட்டுக்குள் நின்றுகொள்வது பாதுகாப்பு. படிகம் வைத்த சுற்றில் இது எளிது. படிகமின்றி, சில்லின் உள் அலைவியை மட்டும் நம்பும் சுற்றில் நிரல் சரியாக இருந்தும் தொடர்பு தவறலாம். ஏடிமெகா328பி சில்லின் உள் அலைவிக்குத் தொழிற்சாலை தரும் துல்லியம் 10 விழுக்காடு வரை விலகக்கூடியது.

தொகுப்பியை உருவாக்கியவர்களும் நூலகம் எழுதியவர்களும் இதற்கு விடை தேடினர். பிக் சில்லுகளுக்கான சிசிஎஸ் தொகுப்பியில் வேகத்தையும் முனைகளையும் ஒரே வரியில் அறிவித்தால், அந்த முனைகள் வன்பொருள் துறையைச் சேர்ந்தவையாயின் அதையும், இல்லையேல் மென்பொருள் நிரலையும் தொகுப்பியே அமைத்துக்கொடுத்தது. ஏவிஆர் சில்லுகளுக்கான திறந்த மூல நூலகமான ஏவிஆர்-லிப்சி, மூன்று அல்லது நான்கு சுழற்சிகள் எடுக்கும் அசெம்பிளித் துணுக்குகளைக் கொண்டு தாமதச் செயல்களைத் தந்தது. அவை சரியாக இயங்க, சில்லின் கடிகார வேகத்தை நிரலாளர் அறிவிக்க வேண்டும். தொகுப்பியின் மேம்படுத்தலும் இயக்கத்தில் இருக்க வேண்டும்.

மூன்று வழிமுறைகள்

சி மொழியில் எழுதப்பட்ட மென்பொருள் துறைகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, காத்திருந்து எண்ணும் முறை. 16 மெகாஹெர்ட்ஸ் சில்லில் 9600 பாட் என்றால், ஒரு பிட்டின் நீளம் சுமார் 104 மைக்ரோ வினாடி. அதாவது ஏறத்தாழ 1667 கடிகாரத் துடிப்புகள். பெறும் நிரல், முனை தாழ்நிலைக்கு விழும்வரை காத்திருக்கும். விழுந்ததும் ஒன்றரைப் பிட் நேரம், அதாவது 156 மைக்ரோ வினாடி பொறுத்து முதல் தரவு பிட்டின் நடுவைப் பார்க்கும். பிறகு ஒவ்வொரு பிட் நேரத்துக்கும் ஒரு முறை பார்த்து 8 பிட்களைச் சேர்க்கும். தரவு கீழ் பிட்டிலிருந்து தொடங்கி வரும். இந்த முறை சிறியது, புரிந்துகொள்ள எளியது. ஆனால் எண்ணும் நேரம் முழுவதும் செயலி வேறு எதையும் செய்ய முடியாது. அட்மெல் நிறுவனம் ஏவிஆர்305 என்ற பயன்பாட்டுக் குறிப்பில் தந்த சிறு மென்பொருள் யூஆர்ட் இவ்வகையைச் சேர்ந்தது. அது ஒரு நேரத்தில் அனுப்பும் அல்லது பெறும். இரண்டையும் சேர்த்துச் செய்யாது.

இரண்டாவது, டைமர் குறுக்கீட்டு முறை. பிட் வேகத்தைப் போல் 3 அல்லது 4 மடங்கு வேகத்தில் டைமர் குறுக்கிடும். ஒவ்வொரு குறுக்கீட்டிலும் நிரல் முனையை ஒரு முறை பார்த்துவிட்டு, தன் நிலையை ஒரு படி நகர்த்தித் திரும்பும். அனுப்புவதும் பெறுவதும் ஒரே நேரத்தில் நடக்கலாம். பெற்ற பைட்டுகள் வட்ட வடிவ இடையகம் ஒன்றில் சேரும். முதன்மை நிரல் வசதிப்படும்போது அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். இடையகத்தின் தலை, வால் எண்கள் ஒரு பைட்டுக்குள் அடங்குவது 8 பிட் சில்லில் முக்கியம். 16 பிட் எண்ணாக வைத்தால், அதன் ஒரு பாதியைப் படித்து மறுபாதியைப் படிக்கும் முன் குறுக்கீடு வந்து அதை மாற்றிவிடலாம். இம்முறையின் குறை, தரவு எதுவும் வராத நேரத்திலும் குறுக்கீடுகள் ஓயாமல் வந்துகொண்டே இருப்பது.

மூன்றாவது, விளிம்பைக் குறிக்கும் முறை. கம்பி உயர்நிலையிலிருந்து தாழ்நிலைக்கோ, தாழ்நிலையிலிருந்து உயர்நிலைக்கோ மாறும் கணத்தில் டைமரின் மதிப்பை வன்பொருளே பதிந்து வைக்கும். இரு மாற்றங்களுக்கு இடைப்பட்ட நேரத்தை வைத்து, இடையில் எத்தனை பிட்கள் சென்றன என்று நிரல் பின்னர் கணக்கிடும். மாற்றம் நிகழ்ந்த நேரம் பதிவாகிவிட்டதால், நிரல் சற்றுத் தாமதித்து வந்தாலும் கணக்குக் கெடுவதில்லை. ஆனால் இதற்கு ஒரு டைமர் முழுமையாக ஒதுக்கப்பட வேண்டும். முனைகளையும் விருப்பம்போல் தேர்ந்தெடுக்க முடியாது.

ஆர்டுயினோ காலம்

மென்பொருள் தொடர் துறை பெருந்திரளான மாணவர்களைச் சென்றடைந்தது ஆர்டுயினோவின் வழியாகத்தான். இத்தாலியின் இவ்ரியா நகரில் 2005இல் தொடங்கிய அந்தத் திட்டம், நார்வேயில் தோன்றிய ஏவிஆர் கட்டமைப்பைச் சேர்ந்த ஏடிமெகா8 சில்லைப் பயன்படுத்தியது. 2010இல் வந்த ஆர்டுயினோ ஊனோவில் இருந்தது ஏடிமெகா328பி. இரண்டிலும் தொடர் துறை ஒன்றே. அந்த ஒன்றும், பலகைக்கு நிரலை ஏற்றவும் கணினித் திரையில் செய்தி காட்டவும் பயன்படும் அதே வழி. இடங்காட்டியையோ செல்பேசி மோடத்தையோ இணைக்க விரும்பிய ஒவ்வொரு மாணவரும் முதல் நாளிலேயே இரண்டாவது துறையின் தேவையை உணர்ந்தார்.

2006இல் டேவிட் மெல்லிஸ் எழுதிய சாஃப்ட்வேர்சீரியல் நூலகம் முதல் விடையாக வந்தது. அது காத்திருந்து எண்ணும் வகை. அதன் குறைகளை ஆவணமே ஒளிக்காமல் சொன்னது: 9600 பாட் வரை மட்டுமே இயங்கும், படிக்கும் செயலை அழைத்தால் தரவு வரும்வரை நிரல் அங்கேயே நிற்கும், அச்செயல் ஓடாத நேரத்தில் வரும் தரவு தொலைந்துபோகும். பிறகு அடாஃப்ரூட் நிறுவனத்தின் லிமோர் ஃப்ரைடு குறுக்கீட்டின் வழியாகப் பெறும் முறையைச் சேர்த்தார். மிகல் ஹார்ட் அதை விரிவாக்கி நியூசாஃப்ட்சீரியல் என வெளியிட்டார். வட்ட இடையகமும், ஒன்றுக்கு மேற்பட்ட துறைகளை அமைக்கும் வசதியும் அதில் வந்தன. பால் ஸ்டாஃப்ரிகன் உள்ளிட்டோரும் அதற்குப் பங்களித்தனர். 2011இல் வெளியான ஆர்டுயினோ 1.0 பதிப்பில் அந்த நூலகமே பழையதன் இடத்தைப் பிடித்து, சாஃப்ட்வேர்சீரியல் என்ற பெயரையும் எடுத்துக்கொண்டது.

புதிய நூலகத்தில் முனையின் மாற்றம் குறுக்கீட்டை எழுப்பும். ஆனால் குறுக்கீட்டுக்குள் நுழைந்தபின், அந்த பைட் முடியும்வரை நிரல் உள்ளேயே நின்று எண்ணும். அவ்வளவு நேரமும் மற்ற குறுக்கீடுகள் நிறுத்தி வைக்கப்படும். இதன் விளைவு ஒன்று பலரையும் குழப்பியது. ஊனோவில் மில்லி வினாடிகளை எண்ணும் டைமர் 1.024 மில்லி வினாடிக்கு ஒரு முறை குறுக்கிடுகிறது. 9600 பாட்டில் ஒரு பைட் ஏறக்குறைய 1 மில்லி வினாடியில் முடிந்துவிடும். காத்திருக்கும் ஒரு குறுக்கீட்டைச் சில்லு நினைவில் வைத்திருக்கும். ஆனால் 4800 பாட்டில் ஒரு பைட்டுக்கு 2 மில்லி வினாடி ஆகும். அதற்குள் டைமர் இரு முறை குறுக்கிட முயலலாம். சில்லு நினைவில் வைத்திருப்பது ஒன்றை மட்டுமே. ஆகவே மெதுவான இடங்காட்டியைக் கேட்கக் கேட்கக் கருவியின் கடிகாரம் பின்தங்கும். வேகத்தைக் குறைத்தால் பாதுகாப்பு என்ற பொதுப் புத்தி இங்கே தலைகீழாகிறது.

துறைகளை எத்தனை வேண்டுமானாலும் உருவாக்கலாம் என்றாலும், ஒரு நேரத்தில் ஒன்றுதான் கேட்க முடியும் என்பது இந்நூலகத்தின் மற்றோர் எல்லை. அனுப்பிக்கொண்டிருக்கும்போது வந்து சேரும் தரவையும் அது தவறவிடும். இக்குறைகளுக்கு மாற்றாகப் பால் ஸ்டாஃப்ரிகன் எழுதிய ஆல்ட்சாஃப்ட்சீரியல், விளிம்பைக் குறிக்கும் முறையைக் கையாண்டது. அதில் அனுப்புதலும் பெறுதலும் ஒன்றாக நடக்கும். மற்றக் குறுக்கீடுகளும் நெடுநேரம் தடைபடாது. விலையாக ஊனோவின் 8, 9 ஆகிய முனைகளும் 16 பிட் டைமரும் அதற்கென்றே ஒதுக்கப்பட்டன.

நேரத்துக்கென்றே தனிச் செயலி

செயலியின் நேரம் போதாமையே சிக்கல் என்றால், நேரத்தைப் பெருக்குவதும் ஒரு தீர்வு. 1990களின் இறுதியில் ஸீனிக்ஸ் நிறுவனத்தின் எஸ்எக்ஸ் சில்லுகள், வினாடிக்கு 5 கோடி கட்டளைகள் என்ற வேகத்தையும், குறுக்கீட்டுக்கு மாறாத நேரத்தில் பதில் தரும் இயல்பையும் கொண்டு வந்தன. யூஆர்ட் உள்ளிட்ட துணைக்கருவிகளை மென்பொருளாகவே எழுதிக்கொள்ளும் முறையை அந்நிறுவனம் விற்பனைக் கொள்கையாகவே முன்வைத்தது. 2006இல் பேரலாக்ஸ் வெளியிட்ட புரொப்பெல்லர் சில்லில் 8 செயலிகள் இருந்தன. வன்பொருள் யூஆர்ட்டும் இல்லை, குறுக்கீடும் இல்லை. ஒரு தொடர் துறை வேண்டுமானால், ஒரு செயலி முழுவதும் அந்த வேலையை மட்டும் பார்க்கும்.

2021 ஜனவரியில் வந்த ராஸ்பெரி பை பிக்கோ பலகையின் ஆர்பி2040 சில்லு இன்னொரு வழியில் சென்றது. அதில் 2 வன்பொருள் யூஆர்ட்களோடு, முனைகளை மட்டும் ஆளும் 8 சிறு நிலைப்பொறிகளும் உண்டு. ஒவ்வொரு நிலைப்பொறியும் கட்டளைகளை மாறாத நேரத்தில் ஓட்டும். முதன்மைச் செயலியை நாடாது. தொடர்த் தரவை அனுப்பும் நிரலை அதில் 4 கட்டளைகளில் எழுதிவிடலாம். எழுதப்படுவதால் அது மென்பொருள். தனிச் சுற்றில் ஓடுவதால் வன்பொருள். முதன்மை நிரலைச் சி மொழியிலும், நேரம் சார்ந்த பகுதியை நிலைப்பொறியின் மொழியிலும் எழுதும் இப்பிரிவு, சி மொழி சொல்லாமல் விட்ட நேரத்துக்குத் தனி இடம் ஒதுக்குகிறது.

மறுபுறம் வன்பொருள் துறைகளும் மலிந்தன. ஏடிமெகா2560 சில்லில் 4 தொடர் துறைகளும், எஸ்டிஎம்32எஃப்103சி8 சில்லில் 3 துறைகளும் உள்ளன. புதிதாக ஒரு கருவியை வடிவமைப்பவர், இரண்டாவது துறைக்காக மென்பொருளை நாட வேண்டிய கட்டாயம் இன்று குறைவு.

இன்றைய இடம்

ஆயினும் இம்முறை மறையவில்லை. 8 முனைகள் மட்டுமே கொண்ட ஏடினி85 போன்ற சிறு சில்லுகளில் யூஆர்ட் இன்றும் இல்லை. ஏற்கெனவே தயாரித்து முடிந்த பலகையில் புதிய கருவியைச் சேர்க்க வேண்டும்போதும், பிழை தேடுவதற்காக மட்டும் ஒரு வெளியீட்டு வழி தேவைப்படும்போதும் மென்பொருள் துறையே கைகொடுக்கிறது. அனுப்புவது மட்டும் போதுமென்றால் அதன் இடர்களும் பாதியாகக் குறைகின்றன: அனுப்பும் நேரத்தை நிரலே தேர்ந்தெடுக்கிறது, பெறும் நேரத்தையோ எதிர்ப்பக்கம்தான் தீர்மானிக்கிறது.

கற்பவருக்கு இம்முறையின் பயன் இன்னும் பெரிது. வன்பொருள் யூஆர்ட்டின் பதிவகத்தில் ஒரு பைட்டை எழுதினால் அது போய்விடுகிறது. உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. தொடக்க பிட்டுக்காகக் காத்திருந்து, ஒன்றரைப் பிட் பொறுத்து, எட்டு முறை எண்ணிப் பார்க்கும் நிரலைத் தானே எழுதியவருக்கு, தொலை அச்சுப்பொறியின் தண்டு ஏன் ஒரு முறை சுழன்று நின்றது என்பதும் புரிந்துவிடும். நூறாண்டுக்கு முன் மோட்டாருக்காக வகுக்கப்பட்ட அந்த விதி, கடிகாரத் துடிப்புகளை எண்ணும் சில வரி சி நிரலாக இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.